டிசம்பர் 25 சூரியனுக்கு உரிய நாளா? மரத்தை வெட்டுமுன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்பூட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “பதினெட்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், ‘டிசம்பர் 25 ரோமர்களுடைய சூரிய சாமியின் பிறந்தநாள், வீட்டில் மரம் வைத்தால் சாபம்’ என்கிறார். வீட்டைச் சுத்திகரிக்க 300 வெள்ளி காணிக்கை வேண்டுமாம். வீட்டுக்காரர் பயந்து, இந்த வருடம் திறந்த இல்ல உபசரிப்பே வேண்டாம் என்கிறார்.”

முதலில், அந்த 300 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

இனி தேதி. இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று வேதம் சொல்லவில்லை. ரோமில் 354ஆம் ஆண்டு தொகுத்த ஓர் ஏட்டில் டிசம்பர் 25 என்று இருக்கிறது. அதே ஏட்டின் இன்னொரு பகுதியில், அதே நாளுக்கு நேராக ‘வெல்லப்படாதவன்’ பிறந்தநாள் என்றும் 30 தேரோட்டம் என்றும் எழுதியிருக்கிறது. சூரியனைத்தான் அப்படிச் சொன்னார்கள். பயமுறுத்துகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாரைப் பார்த்து யார் எடுத்தார்கள் என்று அந்த ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. இயேசு மரித்தது மார்ச் 25 என்று மேற்கே நம்பினார்கள். கருவில் உருவானதும் அதே தேதிதான் என்று கொண்டார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. பழைய திருச்சபைப் போதகர் அகஸ்தீன் இதை எழுதியே வைத்திருக்கிறார். கிழக்கே ஏப்ரல் 6இல் தொடங்கி எண்ணியவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. ஆர்மீனியத் திருச்சபைக்கு இன்றும் அதுதான் நாள். சூரியப் பண்டிகையைத்தான் மாற்றினார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு சிரியாக் மொழியில் உள்ள 12ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. எண்ணூறு வருடம் பிந்திய சாட்சி அது. ரோமர்களின் சாத்தர்னாலியா விழாதான் கிறிஸ்துமஸ் ஆனது என்றும் சொல்வார்கள், அது டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கி 23க்குள் முடிந்துவிடும் விழா.

சரி, அது சூரியனுடைய நாளாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆராதனைக்குப் போகும் கிழமையின் பெயர் என்ன? ஞாயிறு என்றாலே சூரியன்தான். அதற்காக யாராவது சபைக்குப் போகாமல் இருக்கிறோமா?

மரம் கூடாது என்பதற்கு, காட்டில் மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதைச் சொல்லும் எரேமியா 10:3-4ஐக் காட்டுவார்கள். ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பேசாது, நடக்காது, சுமந்துதான் போகவேண்டும் என்கிறது. தச்சன் செதுக்கிய விக்கிரகம் அது. ஜெர்மானிய நாடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வந்தது 16ஆம் நூற்றாண்டில், எரேமியாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் பிறகு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் அண்மையில் விசுவாசத்துக்கு வந்தவர் இருக்கிறாரா? உங்கள் மாமியார் என்று வையுங்கள். நாற்பது வருடம் விளக்கேற்றிப் பூ வைத்துக் கும்பிட்டவர். இயேசு பிறப்புக் குடில் முன்னால் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றி மல்லிகைச் சரம் சாத்தினால், அவர் கை தன்னால் குவியும். அப்போது, விசுவாசத்தில் பலவீனமானவருக்கு இடறலாக இருக்காதீர்கள் என்னும் ரோமர் 14 உங்களுக்குத்தான். சரத்தை எடுத்துவிடுங்கள், மெழுகுவத்தியைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றுங்கள். குடில் இருக்கட்டும். கோலம் அவருக்கு உறுத்தினால் அதுவும் வேண்டாம். ஆனால் அவரையே கேளுங்கள். அவர் சார்பில் ஊழியர் பதில் சொல்லக்கூடாது. அடுத்த வருடம் மறுபடி கேளுங்கள். மனச்சாட்சி ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியது உங்கள் சபை. நவம்பர் முழுக்கக் கேரல் பவனி எந்த லோரோங்கில் (சந்தில்) தொடங்குவது, எந்தத் தாமானில் (குடியிருப்பில்) முடிப்பது என்று கூட்டம் போடுகிறார்கள். கட்டட நிதிக்கும் கூட்டம் உண்டு. திருச்சபை வரலாற்றுக்கு ஒரு புதன்கிழமை இரவு கிடையாது. அந்த இடைவெளியில்தான் புலனத்தில் வரும் காணொளியும் கட்டணச் சுத்திகரிப்பும் நுழைகின்றன. இனி யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை முதலில் எழுதியது யார், எந்த ஆண்டு, எந்த ஏட்டில்? பதில் வராது. காணிக்கைக்குச் சபை ரசீது உண்டா என்றும் கேளுங்கள்.

உபசரிப்பை நிறுத்தவேண்டாம். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள் 25ஆம் தேதி உங்கள் வாசலைப் பார்ப்பார்கள். அச்சு முறுக்குக்கு மாவை முதல் நாளே கரைத்து வையுங்கள்.