செம்பு கடலுக்குப் போகும் வழி: சாம்பியா, காங்கோ பற்றிக் கேள்வி பதில்

சாம்பியாவின் என்டோலா நகரில் பல ஆண்டுகள் சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்தேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர், மதுரை: சாம்பியாவுக்குக் கடற்கரையே இல்லை. அங்கே எடுக்கும் செம்பு எப்படி வெளியே போகிறது?

கிழக்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம், தெற்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன், தென்கிழக்கே மொசாம்பிக்கின் பெய்ரா, மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அடுத்த நாட்டு மண்ணைக் கடந்தாக வேண்டும். ரயில் பாதைகள் இருந்தும் பெரும்பகுதி லாரியில்தான் போகிறது. ஒரு வண்டியில் ஏறக்குறைய 30 டன் ஏற்றுவார்கள்.

ஆசிரியர், திருச்சி: காங்கோவுக்குக் கடற்கரை இருக்கிறதே. பிறகு ஏன் அதன் செம்பும் சாம்பியா வழியாக வருகிறது?

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடற்கரைதான் அந்தப் பெரிய நாட்டுக்கு உண்டு. செம்பும் கோபால்ட்டும் கிடைக்கும் கட்டாங்காவோ தென்கிழக்கு மூலையில் கிடக்கிறது. உள்நாட்டு வழியிலேயே அனுப்ப நினைத்தால் இலேபோ என்ற ஆற்றுத் துறை வரை ரயில், அங்கிருந்து கின்ஷாசா வரை படகு, அதற்குக் கீழே ஆறு பாறைகளில் விழுந்து ஓடுவதால் மட்டாடி துறைமுகம் வரை மறுபடியும் ரயில். ஏற்றி இறக்கி, மீண்டும் ஏற்றி இறக்கி மாளாது. அதனால்தான் லாரிகள் சாம்பியாவைத் தொடும் கசும்பலேசா எல்லைக்கு வந்து நிற்கின்றன.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஈரோடு: சீனா கட்டிக்கொடுத்த டசாரா ரயில் பாதையின் கதை என்ன?

ஐயா, இதை எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். 1964இல் சாம்பியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே தெற்கே ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. சாம்பியாவின் செம்பு போவதும் எரிபொருள் வருவதும் அந்த நாட்டின் வழியாகத்தான். கழுத்தில் அடுத்தவன் கை இருப்பதைப் போன்ற நிலை. கிழக்கே ஒரு பாதை போட உதவி கேட்டபோது, லாபம் வராது என்று மேற்கு நாடுகள் கைவிரித்தன. சீனா வட்டியில்லாக் கடன் தந்தது. 1970 முதல் 1975 வரை வேலை நடந்து, தார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி இம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் பாதை உருவானது. அந்தப் பணியில் உயிர்விட்ட சீனத் தொழிலாளர்கள் அறுபதுக்கும் மேல்.

ஆனால் பாதை போட்டது போதவில்லை. எஞ்சின் பற்றாக்குறை, துறைமுக நெரிசல். உரம் வந்து சேராததால் 1978இல் மூடிவைத்திருந்த ரொடீசிய எல்லையைச் சாம்பிய அதிபர் கவுண்டா மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே ரொடீசியப் படைகள் டசாரா பாதையின் சம்பேஷி ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தன. கணக்குப் பார்த்து இந்தப் பாதையை வீண் செலவு என்பவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை. அது ஒரு நாட்டுக்கு மூச்சுக்குழாய்.

பங்குச் சந்தை ஆர்வலர், சென்னை: லொபிட்டோ வழியைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

லொபிட்டோவிலிருந்து காங்கோ எல்லை வரை 1,344 கிலோமீட்டர் பாதை 1929 வாக்கில் முடிந்தது. 1975இல் தொடங்கிய அங்கோலா உள்நாட்டுப் போர் அதை முடக்கியது. போருக்குப் பின் சீன நிறுவனம் சீரமைத்தது. இப்போது ஐரோப்பியக் கூட்டு நிறுவனம் ஒன்று 30 ஆண்டு உரிமத்தில் நடத்துகிறது, அமெரிக்கா கடன் தருகிறது. அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கு வழி என்பது உண்மை. காங்கோ பக்கத்துத் தண்டவாளம் சீராகாதவரை முழுப் பயன் கிடைக்காது.

லாரி உரிமையாளர், நாமக்கல்: திரும்பும்போது லோடு கிடைக்குமா? எல்லையில் எவ்வளவு நேரம் போகும்?

நாமக்கல்காரர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். சாம்பியாவின் உருக்காலைகளில் கந்தகம் கலந்த தாதுவை உருக்கும்போது கந்தக அமிலம் கிடைக்கிறது. காங்கோவின் ஆக்சைடு தாதுவிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்க அதே அமிலம் தேவை. டேங்கர்கள் அமிலத்தோடு வடக்கே போகின்றன. வேறு லாரிகள் செம்போடு தெற்கே வருகின்றன. ஆனால் அமில டேங்கரில் செம்பை ஏற்ற முடியாதே! டேங்கர் வெறுமையாகத்தான் திரும்பும்.

எல்லையில் நாள்கணக்கில் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்து, அங்கேயே தூங்குவார்கள். தூரம் இந்தத் தொழிலைக் கொல்வதில்லை, காத்திருப்புதான் கொல்கிறது. சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் 2009இல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதிக்கும் முறை வந்தது. எல்லா எல்லைகளுக்கும் அதுதான் வேண்டும். 2021இல் போட்ஸ்வானா எல்லையில் உள்ள கசுங்குலாவில் பாலம் திறந்ததும் பெரிய நிம்மதி. அதற்கு முன் அந்த இடத்தில் லாரிகள் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்தன.

வாசகர், தூத்துக்குடி: இந்தச் செம்பு இந்தியாவுக்கு வருகிறதா?

வருகிறது. உங்கள் ஊர் உருக்காலை 2018இல் மூடப்பட்ட பிறகு, சுத்திகரித்த செம்பை இந்தியா ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்கிறது.

புதிதாகச் சரக்கு முகவர் தொழிலில் சேர்ந்தவர், கோவை: முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முத்திரை (சீல்) எண். ஏற்றும் இடத்தில் போட்ட முத்திரையின் எண்ணும் எல்லா ஆவணங்களில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே படித்துப் பாருங்கள். வழியில் செம்பு திருடுபோவது அங்கே சாதாரணம். ஒரு எழுத்து மாறினாலும் எல்லையில் வண்டி நின்றுவிடும். பிறகு அந்த ஓட்டுநரின் சாப்பாட்டுக்கு யார் பணம் அனுப்புவது என்பதையும் வண்டி கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.