தாளுக்குத்தான் பரீட்சை, மாமனாருக்கு அல்ல

கேள்வி: சென்னிமலைப் பக்கம் இருக்கிறோம். தறி ஓட்டும் மாமனாருக்கு 61 வயது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை தொடங்கும் முன், கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சோர்வு, தூக்கம், மனசு பற்றி நாலு பக்கக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து அதே தாளை மறுபடி நீட்டினார்கள். அவரை வைத்து ஏதாவது சோதனை செய்கிறார்களா? அங்கே உதவிக்கு நின்ற ஒருவர், “எல்லாத்துக்கும் அதிகமா டிக் அடிங்க, அப்பத்தான் மாத்திரை இலவசமாக் கிடைக்கும்” என்கிறார்.

பதில்: பயப்படாதீங்க அம்மணி. சோதனை நடப்பது அந்தத் தாளுக்கு. ஹெபடைட்டிஸ் சி வந்த பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தெரிந்தால் பெரும்பாலும் தெரிவது சோர்வு. அதை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஆளைத்தான் கேட்க வேண்டும். கேட்கும் தாள் நம்பகமானதா என்று பார்க்கத்தான் இரண்டு தடவை. உடம்பு மாறாதபோது பதிலும் ஏறக்குறைய மாறக் கூடாது. தராசில் ஒரே கல்லை இரண்டு தரம் வைத்துப் பார்ப்பது மாதிரி. அதனால் முதல் தடவை என்ன போட்டோம் என்று யோசிக்கவே வேண்டாம்.

எனக்குக் கடுப்பு வேறு இடத்தில். வேறு ஊரில் செய்த தாளை மொழிபெயர்த்த கையோடு ஜெராக்ஸ் போட்டு, ஓபி வரிசையில் நிற்பவர் கையில் திணித்துவிடுகிறார்கள். ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தறிக்காரரிடம் “சோர்வு உண்டா?” என்றால், “அதெல்லாம் இல்லீங்க” என்பார். “முன்னே எத்தனை தறி பார்த்தீங்க, இப்ப எத்தனை?” என்றால், “எட்டு பார்த்தேன், இப்ப நாலுக்கே மூச்சு வாங்குதுங்க” என்று வரும். இப்படி உட்கார்ந்து கேட்டுத் தாளைத் திருத்துவதுதான் பாதி வேலை. அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

அந்த ‘உதவிக்காரர்’ விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை கொடுப்பது டிக்கைப் பார்த்து அல்ல. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனையைப் பார்த்து. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நேரில் போய்க் கேளுங்கள். இன்று டிக் அடிக்கச் சொல்பவர் நாளை ஆதார் நகல் கேட்பார், அப்புறம் ஃபைல் நகர்த்தப் பணம் கேட்பார். இவர்களின் இன்னொரு வேலை: பெரும்பாலும் 12 வாரத்தில் நோய் குணமான பிறகும், ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வைத்து, “இன்னும் பாசிட்டிவ்தான்” என்று பயமுறுத்திக் கமிஷன் பார்ப்பது. ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது; அந்த டெஸ்ட் குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ் காட்டும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்என்ஏதான் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் தாளை ஓரமாக வையுங்கள். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு மூளை குழம்புவதுண்டு. பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்க விழித்திருப்பார், பேச்சு தடம் மாறும், தெரிந்த கணக்கு தப்பும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று ஆடும். ‘வயசாயிடுச்சு’ என்று விடாதீர்கள், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் கவனம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த நிலையில் அவர் போடும் டிக்குக்கு அர்த்தமில்லை, அவருக்காக நீங்கள் போடுவதற்கும் இல்லை.

கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இஷ்டமில்லையென்றால் இந்தத் தாள் சோதனையிலிருந்து விலகலாம், அதற்காக ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

மாத்திரை முடிந்ததும் மூன்றாம் தடவையும் இதே தாளை நீட்டலாம். கண் தெரியவில்லையென்றால் யாராவது வாசித்துக் காட்டலாம், ஆனால் நீங்கள் வேண்டாம் அம்மணி. தாளில் மனக்கவலை, தாம்பத்தியம் பற்றியெல்லாம் இருக்கும். மருமகளிடம் எந்த மாமனார் வாயைத் திறப்பார்? நர்ஸிடம் விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள்.