ஐஸ் பெட்டிக்கு உள்ளே எத்தனை மணி நேரம்?

தானமாகக் கிடைத்த உறுப்பை அதிக நேரம் கெடாமல் வைத்திருக்கும் ஆராய்ச்சிக்கு வேலூரில் சிலர் ஆதரவு திரட்டி வருகிறோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

குடியாத்தம் வாசகி: என் தம்பி டயாலிசிஸில் இருக்கிறான். தானம் கொடுக்க ஆள் இல்லாததுதானே பிரச்சினை?

அதுவும்தான் அம்மா. ஆனால் தானம் கிடைத்த பிறகும் நேரம் துரத்துகிறது. ஐஸில் இதயம் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், கல்லீரல் 12 மணி நேரம் வரை. சிறுநீரகத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குள் பொருத்தம் பார்த்து, ஆளை வரவழைத்து, ஆபரேஷனையும் முடிக்க வேண்டும். இதயம் என்றால் இங்கிருந்து சென்னைக்குப் போகும் ரோடும் கணக்கில் வந்துவிடும்.

உறுப்பைக் குளிர்ந்த திரவத்தால் கழுவி, பைக்குள் பையாகக் கட்டி, 4 டிகிரியில் பெட்டிக்குள் வைப்போம். ரத்தம் வடிந்த சிறுநீரகம் வெளிறிக் கிடக்கும். நோயாளியின் ரத்தக் குழாயோடு தைத்து, ரத்தத்தை அடைத்திருந்த கவ்வியை எடுத்ததும் சிவக்கத் தொடங்கும். குளிரில் அதிக நேரம் கிடந்தது என்றால் வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். அதுவரை மறுபடி டயாலிசிஸ்தான். உங்கள் தம்பி மாதிரி ஆட்களுக்காகத்தான் இதைப் பேசுகிறோம்.

காட்பாடி கல்லூரி மாணவர்: உறைய வைத்துவிட்டால் என்ன சார்?

ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடிக்கிறது இல்லையா தம்பி, செல்லுக்கும் அந்தக் கதிதான். அதனால் பனித்துகள் உருவாகாமல் கண்ணாடி மாதிரி இறுக வைக்கப் பார்க்கிறார்கள். அதற்குச் சேர்க்கும் ரசாயனமே செல்லுக்கு நஞ்சு. திரும்பச் சூடாக்குவது அதைவிடச் சிக்கல்: ஒரே சீராகச் சூடேறாவிட்டால் விரிசல் விடும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைச் செலுத்தி, காந்தப்புலத்தால் உள்ளிருந்தே சூடாக்கினார்கள். 100 நாள் வரை வைத்திருந்த எலிச் சிறுநீரகம் வேறு எலிக்குப் பொருத்தப்பட்டு வேலை செய்தது. 2023இல் வெளியான முடிவு அது. மனிதச் சிறுநீரகம் பல மடங்கு பெரிது, அங்கேதான் முட்டி நிற்கிறது. இயற்பியல், வேதியியல் படிப்பவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது. நீங்கள் வாருங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: இதெல்லாம் வெளிநாட்டு வேலை. நாம் என்ன செய்ய முடியும்?

அப்படி விட்டுவிடாதீர்கள் ஐயா. இந்தியாவில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றி கண்டது 1971இல், நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் ஒரு கல்லீரலை, அதற்குள் ரத்தம் ஓட்டும் கருவியில் 3 நாள் உயிரோடு வைத்திருந்து பொருத்தியிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கருவிகளுக்கு இங்கே செலவுதான் தடை. குறைந்த விலையில் இங்கேயே செய்ய ஆராய்ச்சி நிதி ஒதுக்கச் சொல்லி நம் எம்பியிடம் மனு கொடுக்கலாம். டயாலிசிஸ் குடும்பங்கள் சேர்ந்து போய்க் கேட்டால் தட்டிக் கழிக்க முடியாது.

ஆரணி வாசகி: அதுவரை தானப் பதிவைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம் அம்மா. இன்றே பதிவு செய்யுங்கள். அப்புறம் வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லும்போது சம்மதக் கையெழுத்து போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.