வாயப்பயம் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

காலடிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் பாப்பாவுக்கு நாலேகால் வயது, எல்.கே.ஜி. போகிறாள். ஏ பி சி டி முழுக்க மூச்சு விடாமல் சொல்வாள். நடுவில் ஒரு எழுத்தைக் காட்டினால் முழிக்கிறாள். தமிழில் ஆ தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன், பால் பாக்கெட்டில் இருப்பதைப் படிக்கிறான். பள்ளியில் தினம் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலை எடுத்தாலே அழுகை. தெருமுனையில் டியூஷன் இருக்கிறது, மாதம் 500 ரூபாய். சேர்க்கலாமா?

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்கு ஹார்பரில் வேலை. நான் பத்தாவது. மாமியார் மீன் விற்கிறார், கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டுப் பேச்சு உங்களுக்கே தெரியும். ‘இஸ்துகினு’, ‘வாயப்பயம்’ என்றுதான் பாப்பாவும் பேசுகிறாள். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் புத்தகம் படிப்பாள்?

பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். ஒன்றாம் வகுப்பில் ஒரு வாழைப்பழப் படத்துக்குக் கீழே இருந்த சொல்லைப் படிக்கச் சொன்னார் டீச்சர். விரல் வைத்து, சத்தமாக, ‘வாயப்பயம்’ என்றேன். புறங்கையில் ஸ்கேல் விழுந்தது. வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க நான் வாய் திறந்து படிக்கவில்லை.

பிறகு பால்வாடிப் பிள்ளைகளோடு பத்து வருடம் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது, அன்று நான் படித்தது தப்பே இல்லை. அந்தச் சொல்லில் ழகர வரிசை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டு இடத்திலும் எங்கள் வீட்டில் அதற்கு என்ன ஒலியோ அதையே மாறாமல் சொல்லியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்து ஒலியை எடுத்து, பொருளையும் பிடித்துவிட்ட பிள்ளை அது. அதற்குப் பெயர்தான் வாசிப்பு.

பேச்சும் எழுத்தும் வேறு வேறாக இருப்பது நம் பேட்டையில் மட்டும் இல்லை. மயிலாப்பூர் வீட்டுப் பிள்ளையும் ‘வந்துட்டான்’ என்றுதான் பேசுகிறது, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று இருக்கிறது. நமக்குத் தூரம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கதை படித்துக் காட்டும்போது ‘நாம வாயப்பயம்னு சொல்றோம்ல, புக்குல வாழைப்பழம்னு போட்டிருக்கான் பாரு’ என்று சொல்லுங்கள். இரண்டும் அவளுடையதாக இருக்கட்டும். வீட்டுப் பேச்சை மட்டம் தட்டினால் பிள்ளை பேசுவதையே குறைத்துவிடும். பேசாத பிள்ளைக்குச் சொல் சேராது. சொல் சேராத பிள்ளை நாளைக்கு எழுத்தைக் கூட்டிப் படித்தாலும் ‘சரி, அப்படின்னா என்ன?’ என்று நிற்கும்.

உங்கள் மாமியாரிடம் எத்தனை மீன் பெயர் இருக்கும்? வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கானாங்கெளுத்தி, வவ்வால். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுத்தானே வளர்கிறாள்? எந்த டியூஷனில் இது கிடைக்கும்?

இனி காதைப் பற்றி. வாசிப்பு கண்ணில் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே காதில் ஒரு வேலை நடந்தாக வேண்டும். ஒரு சொல் துண்டு துண்டாக உடையும் என்று பிள்ளைக்குக் கேட்க வேண்டும். தமிழுக்கு இது நல்ல வசதி, ஏனென்றால் நம் எழுத்து பெரும்பாலும் ஒரு துண்டுக்கு ஒன்று. காசிமேடு என்று கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: கா, சி, மே, டு. நாலு தட்டு, நாலு எழுத்து. படகு மூன்று, வலை இரண்டு. எழுத்தே காட்டாமல் ஒரு மாதம் இப்படித் தட்டி விளையாடுங்கள். ‘க’வில் தொடங்குவது என்ன, ‘டு’வில் முடிவது என்ன என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது கேளுங்கள்.

நாங்கள் சின்ன வயதில் க-பாஷை பேசுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு ‘க’. ‘நீ வா’ என்றால் ‘கநீ கவா’. காசிமேடு என்றால் ‘ககாகசிகமேகடு’. பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று பேசியது. இன்று யோசித்தால், சொல்லை ஒலியாக உடைக்கும் பயிற்சியை எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இதை வெறியோடு பிடித்துக்கொள்ளும்.

அடுத்து பள்ளிக்கூடம் செய்கிற ஒரு குழப்பம். எழுத்தின் பெயரையும் ஒலியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ‘பானா, டானா, இம்மு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் ‘கூட்டிப் படி’ என்றால் பிள்ளை ‘பானாடானாஇம்மு’ என்றுதான் படிக்கும். அது படம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘ப’, ‘ட’, வாயை மூடி ‘ம்ம்’ என்று ஒலியாகவே சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். உங்கள் பாப்பா ஏ பி சி டியைப் பாட்டாக அறிந்திருக்கிறாள், எழுத்தாக இல்லை. ‘எல்லெம்மெனோபி’ ஒரே எழுத்து என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்றதெல்லாம் கொம்பும் காலும் சுழியும் சேர்ந்து வருவது. உ, ஊ ஏறும் 36 எழுத்துகள்தான் அடங்காத கழுதைகள். கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, ரு ஒரு மாதிரி. அவற்றைச் சொல்லோடு சேர்த்து மெல்லப் பழக்க வேண்டும். கொம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘மே’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பிள்ளை தடுமாறினால் அது மக்கு இல்லை, இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஊரிலேயே ஓர் அருமையான பாடப்புத்தகம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததே, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலடிப்பேட்டையில் ஏறினால் டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை. ஆறு ஸ்டேஷனில் நாலு பேட்டை! முதல் போர்டில் ‘பேட்டை’ மேல் விரல் வையுங்கள். அடுத்த பேட்டை வரும்போது ‘எங்கே இருக்கு?’ என்று கேளுங்கள். மூன்றாவதில் அவளே கத்துவாள். அன்றைக்கு அது அவளுக்கு ஒரு படம் மாதிரிதான், பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையனும் அப்படித்தான் படிக்கிறான். நீல பாக்கெட்டைப் பார்த்து ‘ஆவின்’ என்கிறான். அதே சொல்லை சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள், முழிப்பான். அதற்காக அவனைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் ஒரு படிதான்.

பேட்டையை உடைப்பதற்குக் கொஞ்சம் காலம் ஆகும். தட்டிப் பார்த்தால் இரண்டு துண்டு, எழுதினால் மூன்று எழுத்து. நடுவில் இருக்கிற ‘ட்’டுக்குத் தனியாகக் கைதட்ட முடியாது. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதும். புள்ளி வைத்த எழுத்து காதுக்குத் தாமதமாகத்தான் பிடிபடும். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். வலை, படகு, காசிமேடு என்று புள்ளியில்லாத சொற்களில் தொடங்கினால் சண்டை குறையும்.

எழுத்து வேலை: நாலு வயது விரலுக்குத் தினம் இரண்டு பக்கம் அநியாயம். பள்ளியில் போய் இரண்டு வரியாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கலாம், தப்பில்லை. வீட்டில் வேர்க்கடலை உரிக்கட்டும், மாவு பிசையட்டும், வாசலில் உங்களோடு கோலப்புள்ளி வைக்கட்டும். தட்டில் அரிசி பரப்பி விரலால் அவள் பெயரை எழுதட்டும். தன் பெயர் எழுத எந்தப் பிள்ளைக்கும் அலுக்காது.

பக்கத்து வீட்டோடு ஓடாதீர்கள். நிபுண் பாரத் என்று 2021-ல் மத்திய அரசு தொடங்கியதும் சரி, நம் மாநிலத்தின் எண்ணும் எழுத்தும் திட்டமும் சரி, பொருள் புரிந்து படிப்பதற்கு மூன்றாம் வகுப்பு வரை வைத்து வேலை செய்கின்றன. பாப்பாவுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வெளியாட்களுக்கு அவள் பேச்சே புரியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வாயாடி மாதிரிதான் இருக்கிறாள்.

டியூஷன் வேண்டாம். அந்த 500 ரூபாயில் முதல் மாதம் பெரிய எழுத்துப் படக்கதைகள் சில வாங்குங்கள். அடுத்த மாதம் அதுவும் தேவையில்லை; பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தால் அவரும் ஒன்று படிக்கட்டும், தடுமாறினாலும் சரி. ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்பாள், பத்துத் தடவையும் படியுங்கள். நடுவில் நிறுத்தி ‘அப்புறம் என்னாச்சு?’ என்று அவளைச் சொல்ல விடுங்கள். மாமியார் படிக்க வேண்டாம், படத்தைப் பார்த்து அவர் இஷ்டத்துக்குக் கதை விடட்டும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள், க-பாஷை தெரியுமா என்று. ‘கதெகரிகயும்’ என்பார், பாருங்கள்.