பனிக்காலத்தில் பாதையை ஏன் மூடுகிறார்கள்?

கேள்வி: குளிர்காலத்தில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஜாக்சனுக்குப் போயிருந்தோம். எல்க் மான்கள் தங்கும் சரிவுகளுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று டிசம்பரிலிருந்தே மூடி வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் ஓரமாக நடந்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: மானின் உயிரே போகலாம். நானும் ஒரு ஜனவரியில் அங்கே சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெண் எல்க் முன்னங்காலால் பனியைத் தோண்டித் தோண்டி, அடியில் கிடந்த காய்ந்த புல்லை ஒரு வாய் மேய்ந்தது. உடனே மறுபடியும் தோண்டல். அந்தப் புல்லில் சத்து குறைவு. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும், அதுவும் வயிற்றில் கன்றோடு. நீங்கள் சத்தமில்லாமல்தான் நடப்பீர்கள், சரி. ஆனால் உங்களைக் கண்டு அது மிரண்டு ஆழப் பனியில் ஓடினால், சேமித்த கொழுப்பு வீணாகக் கரையும். மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும் கன்றுக்கும் அது பாதிப்பு.

பனி குறைந்த தாழ்வான இடங்களில் பலவற்றை ஊரும் பண்ணைகளும் எடுத்துக்கொண்டன. அதனால்தான் 1912-இல் அங்கே தேசிய எல்க் சரணாலயமே தொடங்கினார்கள். மிச்சமிருக்கும் சரிவுகளையாவது சில மாதங்கள் அவற்றுக்கே விட்டுவிடுங்கள். அப்புறம், சரணாலயத்தில் குதிரை பூட்டிய சறுக்குவண்டிச் சவாரி உண்டு. அடுத்த முறை அதில் போய் அருகிலேயே பாருங்கள்.