டிசையரா, எட்டியோஸா? பழைய கார் வாங்குவோர் கேட்டவை

கும்பகோணம் பக்கம் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார் வாங்கி நெடுநாள் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கேட்டதும், நான் சொன்னதும்.

மன்னார்குடி ஆசிரியர்: அண்ணே, 2012 மாருதி டிசையர் டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. 2013 டொயோட்டா எட்டியோஸ் பெட்ரோல், 85,000. விலை ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுவேன். பத்து வருடம் வைத்துக்கொள்ள எது சரி?

உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும் சார். டீசல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் 14 கொடுக்கும் என்று வையுங்கள். மாதம் பத்து லிட்டர்தான் வித்தியாசம். டீசல் விலை குறைவு என்பதையும் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் சொச்சம் மிஞ்சும். இந்த வயது டீசல் வண்டியில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் வேலை வைத்தால் சில வருட மிச்சம் ஒரே வாரத்தில் போய்விடும்.

அதற்காக டிசையரை மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஃபியட்டின் அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. பார்ட்ஸும் கிடைக்கும், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் கிடைப்பார். எட்டியோஸ் விற்பனை 2020இல் நின்றுவிட்டது. ஆனாலும் டாக்சியாக நிறைய ஓடியதால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம். நீங்கள் பார்த்த வண்டி முன்பு மஞ்சள் போர்டில் ஓடியதா என்று மட்டும் விசாரியுங்கள்.

இரண்டுக்கும் 15 வருடப் பதிவு 2027, 2028இல் முடிகிறது. பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இப்போதைய கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. பாடி திடமாக இருந்தால்தான் இந்தப் பணத்துக்கு அர்த்தம். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம், அரித்துப்போன அடித்தளத்தை அப்படிக் கட்ட முடியாது. ஜாக்கியில் ஏற்றி அடியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேதாரண்யம் வாசகர்: உள்ளூர் வண்டி மலிவாக வருகிறது, வாங்கலாமா?

உப்புக் காற்றிலேயே நின்ற வண்டி என்றால் கதவின் கீழ் விளிம்பு, சைலன்சர், பிரேக் பைப், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களைப் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கொடுத்து, திருச்சி பக்கம் நின்ற வண்டியை எடுப்பேன்.

திருவாரூர் வாசகர்: காரைக்கால் வண்டி, பி.ஒய். 02. இருபதாயிரம் குறைவாகச் சொல்கிறார்கள்.

அது புதுச்சேரிப் பதிவு. அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டறிந்த பிறகு இருபதாயிரம் லாபமா என்று பாருங்கள். கடன் இருந்திருந்தால் ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடு என்ற குறிப்பு) நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாபநாசம் வாசகர்: சென்னை வண்டி, உள்ளே பளபளவென்று இருக்கிறது. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் போல்ட்டில் துரு தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஏ.சி. போடுங்கள், ஈர வாடை வந்தால் விட்டுவிடுங்கள். மூழ்கிய வண்டியின் வயரிங் இரண்டு வருடம் கழித்துக்கூட மக்கர் செய்யும்.

நீடாமங்கலம் விவசாயி: வீட்டைச் சுற்றி வயல். எலி வயரைக் கடிக்கிறது தம்பி.

நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் ஐயா, வாரம் இருமுறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். அறுவடை நேரத்தில் ரோட்டில் கிடக்கும் வைக்கோல் மேல் ஓட்டினால், வீட்டுக்கு வந்ததும் அடியைக் குனிந்து பாருங்கள். சைலன்சரில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும்.

மீண்டும் மன்னார்குடி ஆசிரியர்: இரண்டையும் ஜாக்கியில் ஏற்றினேன் அண்ணே. எட்டியோஸ் டிக்கியில் ஸ்டெப்னிக் குழி அரித்திருக்கிறது, டிரைவர் பக்கத் தளத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். டிசையர் அடி சுத்தம். ஒரே உரிமையாளர், சர்வீஸ் பில் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன் சார், டிசையரையே பாருங்கள். மாதம் ஆயிரம் மிச்சமாகும் என்றேனே, அதைத் தொடாமல் இன்ஜெக்டர் செலவுக்கென்று ஒதுக்குங்கள். வாங்குமுன் ஒரு விடியற்காலை, உரிமையாளர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்விடுங்கள். ஆறிய இன்ஜினில் சாவி திருப்பியதும் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் பக்கம் கரகரவென்று சத்தம் நீடிக்கிறதா, புகை நீலமாக வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் கும்பகோணத்துக்கு ஓட்டி வாருங்கள், கிளட்ச்சையும் டர்போவையும் நானே பார்த்துச் சொல்கிறேன்.