லாக்கர் வெளுத்தால் சுரண்ட வேண்டாம்

வணக்கம். அயனி மரப் பலகையில் நீங்களே அறுத்துச் செதுக்கிய எலக்ட்ரிக் கிட்டாரின் உடலில் மூன்றாம் பூச்சு என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மெருகுப் பூச்சு) அடித்ததும் பால் படிந்ததுபோல் வெளுத்துவிட்டது, முழுவதையும் சுரண்டிவிடலாமா என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சுரண்ட வேண்டாம். லாக்கரைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்வதால்தான் இந்த வெளுப்பு வருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் இது எனக்கும் நேர்ந்திருக்கிறது.

என்.சி. லாக்கர் காய்ந்த பிறகும் தன் தின்னரில் மறுபடி கரையக்கூடியது என்பதால், நன்றாக வெயில் ஏறிய ஒரு நாளில், மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல மெல்லியதாக அடித்தீர்களானால், சிக்கிய ஈரம் வெளியேறி, அயனியின் பொன்னிற ரேகைகள் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்கு முன், பூச்சு அடிக்கக் காற்று தரும் கம்ப்ரசரின் காற்றை இறக்கி, தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். முகமூடி அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மெருகேற்ற அவசரப்படாதீர்கள். கழுத்து பொருந்தும் குழியருகே முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை, அது மூன்று நான்கு வாரங்களானாலும், நீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்க வேண்டாம்.